ஓர வரிசை

கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே
கால்வாய் வளையும் இடத்தில் எங்கள் நாற்றங்கால்.
இங்கே நோயைத்தான் முதலில் பயிரிடுகிறோம்.

மார்கழிப் பனி போதாதென்று
ராத்திரி முழுக்கத் தெளிப்பான் ஓடும்.
யூரியாவை அளவு மீறி ஊட்டுவோம்,
மறுவீடு வந்த மாப்பிள்ளைக்குப் போல.
சுற்றிலும் ஓரத்தில்
எதையும் தாங்காத ரகம் ஒன்று,
முதலில் விழுவதற்கென்றே விதைத்தது.
அது விழுந்து, பூசணம் பூத்து,
காற்றின் கையில் கொடுத்தால்தான்
நடுவில் நிற்கிற நூற்றிருபது வரிசைக்கும் பரீட்சை.

இருபத்தெட்டாம் நாள்
நோட்டோடு இறங்குவேன்.
பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மார்க்கு.
ஒன்பது வாங்கினால் ஃபெயில்.
"எம்மவன் பள்ளிக்கூடமும் இப்படி இருந்தா
அவந்தான்க்கா ஃபர்ஸ்ட் ராங்கு"
என்பாள் முப்பிடாதி, மடையை அடைத்துக்கொண்டே.

லென்ஸுக்கடியில் ஓர் இலை.
புண் கண் வடிவத்தில் இருக்கும்:
நடுவே சாம்பல், இமையில் தவிட்டு நிறம்.
குனிந்தால் அதுவும் பார்க்கும்.
அடுத்த வரிசையில் அப்படியில்லை.
குண்டூசித் தலையளவு பழுப்பு,
அவ்வளவுதான்.
பூசணம் ஊசி குத்தி நுழைந்த அறையில்
குடியிருந்த உயிரணு
வாசலை உள்ளே தாழிட்டுக்கொண்டு
தானே செத்திருக்கிறது.
வந்தவனுக்கு உயிருள்ள சோறு வேண்டும்.
பிணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?
நான் 'ஒன்று' என்று எழுதுவேன்.
பென்சிலில்.

தை பிறந்தால் கலப்பு.
மைதீன் பீவிக்குத்தான் கை நடுங்காது.
ஒரு பூவுக்கு ஆறு மகரந்தப்பை.
ஐந்தை எடுத்துவிட்டு ஒன்றை மறந்தால்
அந்தப் பூ தன்னையே பெற்றுக்கொள்ளும்,
நமக்கு ஒன்றும் மிஞ்சாது.
சாயங்காலம் உமியின் நுனி கத்தரித்து, உறை மாட்டி,
மறுநாள் பத்து மணி வெயிலில்
தகப்பன் கதிரை மேலே தட்டுவாள்.
மாவு சலிப்பதுபோல் கொஞ்சம் மஞ்சள்.
நெல்லின் கல்யாணத்துக்கு
அரைமணி நேரந்தான் முகூர்த்தம்.

அப்படி வந்ததுதான் அறுபத்து நான்கு.
மூன்று வருஷம் தொடர்ந்து பூஜ்யம்.
வட்டம் போட்டு, வட்டத்துக்கு மேல் வட்டம் போட்டு,
சேரன்மகாதேவிப் பக்கம் விதை கொடுத்தோம்.

நாலாவது பிசானம்,
குழைக்காதர் போன் பண்ணினார்.
"கழுத்தொடிஞ்சு நிக்கி. பூராம் வெள்ளை. பதரு."
ஜீப்பில் போனோம்.
தூரத்திலிருந்து பார்க்கையில்
வயல் சீக்கிரம் பழுத்ததுபோல் அழகாகத்தான் இருந்தது.

பூசணம் தன் அடையாளத்தில்
ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது.
எங்கள் காவல்காரனுக்கோ
பழகியது ஒரே முகம்.

அவர் திட்டியிருக்கலாம்.
இளநீர் வெட்டிக் கொடுத்தார்.
"அடுத்த பிசானத்துக்கு எதைப் போடச் சொல்லுதிய?"

திரும்பி வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன்.
எண்பத்தெட்டு:
மூன்று. மூன்று. மூன்று. மூன்று.
ஒரு வருஷமும் பூஜ்யம் இல்லை,
ஒரு வருஷமும் ஐந்தைத் தொட்டதில்லை.
இலையெல்லாம் புள்ளி, ஆனாலும் கதிர் நிறைந்திருக்கிறது.
பக்கத்தில் என் கையெழுத்தில் 'சுமார்'.
"இதையா?" என்றாள் மைதீன் பீவி
கத்தரியைத் துடைத்துக்கொண்டு.
"இதைத்தான்."

இன்னும் ஒன்று.
குளிரறையில் மேல்தட்டில் ஒரு தகர டப்பா,
ஓர வரிசையின் விதை.
அதை மட்டும் தனிப்பாத்தியில்
மருந்தடித்து, வலை கட்டி,
கலப்பு நேராமல் காத்து வளர்க்கிறோம்.
ஒரு வருஷம் அது விழ மறந்தால்
எங்கள் பூஜ்யம் எல்லாம் பொய்.

டப்பாவைத் திரும்ப ஏற்றுகையில்
முப்பிடாதி கேட்டாள்:
"இது சோறு எப்படிக்கா இருக்கும்?"

பதிவேட்டில்
அதற்கென்று பத்தி இல்லை.