நாலு மணி

பள்ளிப்பட்டிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற ரோட்டில்
பச்சை கேட் போட்ட வீடு.
பெயர்ப்பலகை கிடையாது.
ஆறு பேர் இருந்தார்கள்.
ஒருவன் என் தம்பி தாமோதரம்,
வயது முப்பத்தெட்டு,
செருப்பை ஜோடி சேர்த்து
நிலைக்கு நேராக வைக்காமல்
உள்ளே போகமாட்டான்.

நடத்தியது எஸ்தர் ரூபாவதி அக்கா,
திருத்தணி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து நின்றவர்.
நாலு மணிக்கு எவர்சில்வர் தட்டில்
கரண்டியால் மூன்று தட்டு:
டீ.
அந்த மூன்று தட்டில்தான்
என் தம்பியின் நாள்
கீல் போட்ட கதவு மாதிரித் திரும்பும்.

ஆவணியில் கடிதம் வந்தது.
தொண்ணூறு நாளுக்குள் பதிவு,
இல்லையேல் மூடுக.
படிவம் இருபத்தோரு பக்கம்.
ஆளுக்கு எத்தனை சதுர அடி,
சாய்தளத்தின் சரிவு எவ்வளவு,
தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று,
வீட்டுக்காரர் சம்மதம் முத்திரைத்தாளில்.
வீட்டுக்காரர் சிரித்தார்.
"இல்லம்னு எழுதினா மீட்டரை மாத்திடுவான்மா,
அந்த ரேட்டை யார் கட்றது?"

தம்பியின் சான்றிதழ் நகரியில் வாங்கியது.
எழுபது சதவீதம்.
திருவள்ளூர் கவுண்டரில் இருந்த பெண்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது அந்தப் பக்கத்து எழுபதும்மா" என்றாள்.
கெட்ட பெண் இல்லை.
எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.
நகரி மலையின் மூக்கு
எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மூக்குதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு குடும்பங்கள் கூடினோம்.
இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவன்
இப்போது டேப் எடுத்துக்கொண்டு வருகிறானா என்று
நான்தான் அதிகம் கத்தினேன்.
சுப்பராயுலு கத்தவில்லை.
மகள் ஹேமாவதியின் கொலுசைக்
கொஞ்சம் மேலே தள்ளினார்.
முன்னே இருந்த இடத்தில்
மூன்று வருஷம் சங்கிலி.
கொலுசுக்கு அடியில் இன்னொரு கொலுசாக
வெளுத்த தோல்.
"அங்கியும் போர்டு இல்லம்மா.
யாராச்சும் அளக்க வந்திருந்தா
இத்தப் பாத்திருப்பான் இல்ல?"

ரூபாவதி அக்கா எழுந்து டீ போடப் போனார்.
அப்போது மணி மூன்றுதான்.
தம்பி டம்ளரைத் தொடவில்லை.

பணம் போட்டோம்.
வீட்டுக்காரர் கேட்ட அட்வான்சையும் கொடுத்தோம்.
சாய்தளம் செங்குத்து என்று எழுதிவிட்டுப் போனார்கள்,
உடைத்துக் கட்டினோம்.
சிவப்பாய் ஒரு தீயணைப்பான் வந்து சுவரில் தொங்கியது.
தம்பிக்குப் பிடித்துப்போயிற்று,
தினம் அதன் முகம் துடைத்தான்.

தொண்ணூறாம் நாள்
கோப்பு பரிசீலனையில் இருந்தது.
பரிசீலனை முடியும்வரை
உள்ளே யாரும் தங்கக்கூடாதாம்.

அக்கா மாத்திரைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி
எது எப்போது என்று மேலே எழுதிக் கொடுத்தார்.
தாமோதரத்தின் பையில்
ஒரு கரண்டியும் இருந்தது.

இப்போது நகரியில், என் ஒற்றை அறையில்.
எட்டரைக்கு நான் கம்பெனிக்குப் போகவேண்டும்,
ஆறரை ஆகும் திரும்ப.
அவனுக்கு ரோடும் ஒன்றுதான், லாரியும் ஒன்றுதான்.
பூட்டு வாங்கினேன், ஏழு லீவர்.
வெளியே போடவா உள்ளே போடவா என்று
கடைக்காரர் கேட்டார்.
பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்குப் பதிவு தேவையில்லை.
கூடப் பிறந்தவளுக்குப் படிவம் அச்சடிக்கவில்லை.
சதுர அடி கேட்டு யாரும் வரமாட்டார்கள்,
சுப்பராயுலு சொன்ன அந்த ஆளும்.

நாலு மணிக்குக் கரண்டியால் கதவைத் தட்டுகிறானாம்.
மூன்று தட்டு. நிறுத்தி, மூன்று தட்டு.
பவர்லூம் சத்தத்தில் முதலில் தெரியவில்லை,
கரண்ட் போன அன்றைக்குத்தான் கேட்டது என்றார்
எதிர்வீட்டுக்காரர்.

அந்நேரம் நான் காலர் தைத்துக்கொண்டிருப்பேன்.
மிஷினை நிறுத்திக் கேட்பேன்.
பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி
எதைக் கேட்கிறாய் என்கிறார் சூப்பர்வைசர்.

பூட்டைத் திறந்தால்
செருப்பு
உள்பக்கம்,
ஜோடியாக,
நிலைக்கு நேராக,
வெளியே பார்த்து.