எட்டில் இரண்டு

மொந்தெவிடேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஞாயிறு காலை த்ரிஸ்தான் நர்வாஹா தெருவில்
பழைய பூட்டுகள், கிளிக்கூண்டுகள்,
ஜோடி தொலைத்த செருப்புகள் தாண்டி
வில்மாரின் மேசை.

அவன் சில்லுகளை வால் பார்த்து வாங்குகிறவன்.
நீண்ட எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும்,
குணம் அதில்தான் என்பான்.
யூ என்றால் கொஞ்சமாய்த் தின்று நெடுநேரம் உழைப்பது.
ஹெச் என்றால் வேகம்; மடியில் வைத்தால் தொடை வேகும்.
எஃப் என்றால் கண் இல்லாதது:
கணக்குப் போடும், காட்டத் தெரியாது.
போன வாரம் ஒரு பையன்
மலிவென்று எஃப்பை வாங்கிப் போய்
தனி கார்டு இல்லாத பலகையில் செருகி
மூன்று இரவு கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தானாம்.
விசிறி மட்டும் சுற்றியதாம்.

நான் கேட்டது ஒன்றுதான்.
நினைவகம் எவ்வளவு?
எட்டு, என்றான். விரல்களையும் காட்டினான்.
கட்டைவிரல் இரண்டும் மடங்கியிருந்தன.

வீட்டில் திறந்தால்
எட்டு என்று எழுதி, பக்கத்திலேயே
கடன் சொல்கிறவன் குரலில்
பயன்படுத்தத் தக்கது ஐந்து புள்ளி ஒன்பது.

அடுத்த ஞாயிறு முதல் ஆளாய் நின்றேன்.
இரண்டு எங்கே?
கசாப்புக் கடையில் எலும்பையும் சேர்த்து நிறுப்பார்கள், தெரியும்.
இங்கேயுமா?

வில்மார் அவசரப்படவில்லை.
வெந்நீர் ஊற்றி மாத்தேயை நீட்டினான்.
ஒரே சுரைக்குடுவை, ஒரே குழல்,
மேசையைச் சுற்றி நாங்கள் நால்வர்.
"இதில் படம் வரைகிறவனுக்குத் தனி வீடு கிடையாது, செனோரா.
கணக்குப் போடுகிறவனோடு ஒரே சில்லில் ஒண்டுக்குடித்தனம்.
தனிக் குடுவையும் கிடையாது.
நீங்கள் திரையைப் பார்ப்பதற்கு முன்பே
உங்கள் எட்டில் இரண்டைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்வான்."

குடித்து முடித்து கிராசியாஸ் என்றேன்.
இந்த ஊரில், குடுவையைத் திருப்பித் தரும்போது
அதற்கு நன்றி என்று மட்டும் பொருளில்லை,
போதும், இனி என்னைச் சுற்றில் சேர்க்காதே என்று பொருள்.
"அவன் மட்டும் அதைச் சொல்வதே இல்லை"
என்றான் வில்மார்.

பிறகு கணினி விழிக்கும் நொடியில் ஒரு விசையைத் தட்டினான்.
அரசு அலுவலகம் போல ஒரு நீலத் திரை.
அதில் ஒரு வரி. இரண்டு ஜிபி இருந்த இடத்தில்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி.
"கம்பளிக் கிடங்குக் கணக்குக்கு இது தாராளம்."

தாராளம்தான்.
ஆட்டின் பெயர் தவிர எல்லாம் இருக்கும் என் அட்டவணை,
நாற்பதாயிரம் வரி,
முனகாமல் திறந்தது.

இரவில் அதே கணினி என் தம்பி ஏபெருக்கு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து
திரையில் கார் ஓட்டுவான்.
அன்று கார்கள் சோப்புக் கட்டிகளாய் வழுக்கின.
பந்தயம் முடியும்வரை மரங்கள் இலை விடவில்லை.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் காலை என் அட்டவணை
நனைந்த கம்பளி மாதிரி இழுத்தது.
நீலத் திரையைத் திறந்தேன். இரண்டு ஜிபி.

இறக்கினேன்.
ஏற்றினான்.
செப்டம்பர் வரை இப்படி.
வாடகை பாதிப் பாதி, மின்கட்டணம் பாதிப் பாதி,
சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்திக்கொண்டோம்.
பங்காளிச் சண்டைக்கு வாயே வேண்டாம் என்று
அப்போதுதான் தெரிந்தது.

சம்பளம் வந்ததும் வில்மாரிடம்
இன்னோர் எட்டு வாங்கினேன்.
அவனே திருகைக் கழற்றிப் பொருத்தினான்.
பதினாறு. எனக்கே பெருமை.
அன்று மாலை வேறொரு பக்கத்தில்
ஒரு சின்ன வரியைப் படித்தேன்:
ஒதுக்கியது போக, தேவைப்பட்டால்,
மிச்சத்திலும் பாதிவரை அவன் கேட்கலாம்.
முன்பு மூன்று கேட்டவனுக்கு
இப்போது ஏழு வரை கை நீள்கிறது.

வாங்கிய எட்டில் என்னுடையது எவ்வளவென்று
உறையின் முதுகில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.
ஏபெர் வெந்நீர் வைத்தான்.
முதல் மடக்கு கசப்பு, அது ஊற்றுகிறவனுக்கு.
இரண்டாவது எனக்கு.
குழல் சலசலக்கும்வரை குடித்தேன்,
குடுவையைத் திருப்பித் தந்தேன்.
கிராசியாஸ் சொல்லவில்லை.