ஒன்றரை அடி மண்

பிசானம் அறுத்து முடிந்தால்தான் ஆள் கிடைக்கும் என்று
பங்குனி பாதிவரை பொறுத்திருந்தேன்.
கன்னடியன் கால்வாய் அடைத்துக் கிடந்த ஒரு செவ்வாயன்று
உச்சிமாகாளியும் மாடத்தியும் வந்தார்கள்.
மம்பட்டி இரண்டு, கடப்பாரை ஒன்று,
தூக்குவாளியில் நீத்தண்ணி.
வெட்டுகிற வேலைக்கு நாள் பார்க்க வேண்டாமாம்.

உள்ளே ஆவுடையப்பன் கொத்தனார்
முன்னிருந்தவர் பூசிய சிமெண்டைச்
சில்லுச் சில்லாய் உரித்துக்கொண்டிருந்தார்.
தொட்டியில் சுண்ணாம்பு பன்னிரண்டு நாளாய்ப் புளிக்கிறது.
கடுக்காய்த் தண்ணீரின் துவர்ப்பு
நான் குடிக்கும் காப்பிவரை வந்துவிட்டது.

முற்றம் என் பொறுப்பு.
தாளில் வரைந்து வைத்திருந்தேன்:
கிழக்கே பவளமல்லி,
மதிலோரம் செம்பருத்தி, நடுவே
வளைந்து போகும் ஒரு கல்பாதை.
மாடத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'செடி கெடக்கட்டும்க்கா.
ஐப்பசியில தண்ணி எங்கன நின்னுச்சு?'

பட்டாசாலையில் நின்றது.
வீடு வாங்கிய முதல் மழை.
அரிசி டின்னைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு
விடியவிடிய முறத்தால் இறைத்தேன்.
வீடு தாழ்ந்துபோச்சு, நானூறு சதுரம் தளத்தை உயர்த்தணும்
என்றார் வீரவநல்லூரில் என்னைப் பார்த்த எல்லோரும்.

ஆமணக்கு போனது. எருக்கு போனது.
கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றை
வெட்டுமுன் உச்சிமாகாளி
கன்னத்தில் போட்டுக்கொண்டான்.
வேம்பைத் தொடவில்லை. அதுபாட்டுக்கு
வெட்டிய மண்ணின்மேல் பூவைக் கொட்டியபடி இருந்தது.

முதல் சாண் ஆழத்தில் ஓட்டுச் சில்லு,
டார்ச் பேட்டரி, சொட்டுமருந்துக் குப்பி.
அடுத்த சாணில் ஆற்றுமணல்.
அதற்கும் கீழே கரம்பை.
எந்தக் காலத்திலோ யார் யாரோ
முற்றத்தில் பள்ளம் என்று
ஆளுக்கொரு வண்டி அடித்திருக்கிறார்கள்.

வாசலுக்கு ஒரே படி என்றுதான்
பத்திரம் எழுதிய நாள்முதல் நினைத்திருந்தேன்.
உச்சிக்கு இரண்டாவது தெரிந்தது.
நாலு மணிக்கு மூன்றாவது,
ஓரம் தேயாமல், உளித்தடம்கூட மாறாமல்.
அதில் அதிகம் கால் படுவதற்குள்
மண் மூடியிருக்க வேண்டும்.

வீடு தாழவில்லை.
கொத்தனார் வெளியே வந்து பார்த்தார்,
பீடியைப் பற்ற வைக்க மறந்து.

படியடியிலிருந்து செங்கல் வாய்க்கால் ஒன்று
ஒரு முழ அகலத்தில் மேற்கே ஓடி
மதிலுக்கு அடியில் நுழைந்தது.
மதிலுக்கு அந்தப்பக்கம் சங்கரவடிவு.
'எங்க வீட்டுக்குள்ள விடப் பாக்கியளோ?'
'நான் விடல. கட்டுனவங்க விட்டிருக்காங்க.'
'அப்பம் இது தோப்பு. இப்பம் என் குளிமுறி.'
அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

மதிலுக்கு மூன்றடி முன்னால் திருப்பி
கிணற்றுக்குக் கொண்டுபோனோம்,
இடையில் சரளும் மணலும் நிரப்பிய ஒரு தொட்டி.
பவளமல்லி நிற்க வேண்டிய இடத்தில்தான் அந்தத் திருப்பம்.
தாளை மடித்து
ஆவுடையப்பனின் மட்டப்பலகைக்கு முட்டுக் கொடுத்தேன்.

ஐந்து குடம் ஊற்றிப் பார்த்தோம்.
வேப்பம்பூவை முன்னே தள்ளிக்கொண்டு
திருப்பம்வரை வந்து, சுற்றி நின்று,
ஆறாவது குடத்துக்குத்தான் கிணற்றுப்பக்கம் போனது.
மாடத்தி விரலால் ஒரு செங்கல்லைத் தாழ்த்தினாள்.

பதினான்கு லோடு மண்.
அதில் நாலைச் சங்கரவடிவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.
அவள் முற்றத்தில் பள்ளமாம்.
சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.
உச்சிமாகாளி என்னைப் பார்த்தான்,
டிராக்டர் வாடகை மிச்சம் என்கிற பார்வை.

மறுநாள் விடியலில் பால்காரர் மணி அடித்தார்.
செம்போடு இறங்கினேன்.
ஒரே படிக்குப் பழகிய கால்
தரை என்று நம்பிக் காற்றில் வைத்தது.
முழங்கால் சிராய்த்து, புது மண்ணில் உட்கார்ந்தபடி
மேலே பார்த்தேன்:
என் வீடு
இவ்வளவு உயரம்.