முந்திரி

இரவு ஒன்று பத்துக்குப்
புயல் ஒரு தேவதாருவை மின்கம்பியில் சாய்த்தது.
வான்கூவரின் மேற்கு விளிம்பில்
விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டின.
ஊர் அதைக் கவனிக்கவில்லை.
சைக்ளோட்ரான் கவனித்தது.

கட்டுப்பாட்டு அறைத் திரைகள் எல்லாம் சிவப்பு.
புரோட்டான்கள் நின்றுவிட்டன.
மூன்று ஆள் உயரக் கான்கிரீட்டுக்குப் பின்னால்
இரண்டாயிரத்து இருநூறு பாகையில்
வெள்ளையாய்க் கனன்றுகொண்டிருந்த டாண்டலம் தகடுகள்
ஆறத் தொடங்கின.
அவற்றுக்கு இது ஐந்தாவது வாரம்.
ஆறும்போதெல்லாம் ஏதோ ஒன்று சுருங்கிவிடுகிறது,
திரும்ப விரிவதில்லை.

"அவசரப்படாதே, இளா" என்றான் வெண்டல்.
இளவெயினியில் அவன் வாய்க்கு அடங்கியது அவ்வளவுதான்.

சூட்டைப் படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும்.
ஐந்து ஆம்பியர். காத்திரு. இன்னும் ஐந்து.
கைக்குழந்தைக்குப் பால் ஆற்றுகிற பொறுமை
என்று எழுதத் தோன்றுகிறது.
பொய். நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

மொன்றியாலிலிருந்து வந்த மிரேய்
இந்த ஐந்து நாட்களுக்காக
இரண்டு வருடம் விண்ணப்பம் எழுதியவள்.
மீதி பதினொரு மணிநேரம்.
சப்பாத்தைக் கழற்றி, நாற்காலியில் கால் மடக்கி,
ஒன்றும் வராத வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது லித்தியம் பதினொன்று.
எந்தப் பாறையைப் பிளந்தாலும் கிடைக்காது.
கேட்டால் செய்வோம்; செய்த கையோடு போய்விடும்.
ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த வீடு அது.
இரண்டு நியூட்ரான்கள் மட்டும் வெளியே, எட்ட,
உள்ளே வரவும் மாட்டாமல்
போய்வருகிறோம் என்றும் சொல்லாமல்.
ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் விழுந்துவிடும்.
அந்தத் தயக்கத்தின் அகலத்தை
அளக்கத்தான் வந்திருக்கிறாள்.

அதன் ஆயுள் எனக்கு எண்ணில் தெரியும்.
எண்ணில் தெரிவது தெரிவதாகாது.
கண் இமைக்க ஒரு மாத்திரை.
மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை.
அதற்குக் கீழே எங்கள் இலக்கணம் இறங்கவில்லை.
அந்தக் கால் மாத்திரைக்குள் இது
பாதியாகி, பாதியில் பாதியாகி,
எட்டு முறைக்கு மேல் பாதியாகிவிடுகிறது.

சூடு ஏறும்வரை விரல்விட்டு எண்ணினேன்:
அரை.
கால்.
அரைக்கால்.
வீசம்.
அரை வீசம்.
நெல்லை, நிலத்தை, பொன்னை
அறுத்து அறுத்துப் பழகிய மொழி
முந்திரி வரை இறங்கிப்போகிறது:
முந்நூற்றிருபதில் ஒன்று.
கால் மாத்திரை முடிகையில் மிஞ்சுவது
கொஞ்சம் முன்பின்னாக அவ்வளவுதான்.

சிரிப்பு வந்துவிட்டது. மேசையில்
நடைகூடத்து எந்திரம் துப்பிய
உப்பு முந்திரிப் பொட்டலம்.
"என்ன?" என்றான் வெண்டல்.
பின்னத்துக்கும் பருப்புக்கும் ஒரே சொல் என்று
விளக்கத் தொடங்கினேன்.
ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

நான்கு நாற்பதுக்குப் புரோட்டானுக்கு அனுமதி வந்தது.
ஒரு மைக்ரோஆம்பியர். மூன்று. ஏழு.
அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.
காந்தத்தின் வளைவில்
கனத்தவை வெளிச்சுவரில் மோதின,
மெலிந்தவை உட்சுவரில்.
நடுவே நகத்தின் தடிமனில் ஒரு பிளவு.
அதன் வழியே வந்தது.

வந்ததை யாரும் பார்க்கவில்லை.
கறுப்புத் திரையில் ஒரு புள்ளி.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
இன்னொன்று.
பிறகு தூறல்.

மிரேய் காலுறையோடு
குளிர்ந்த தரையில் எழுந்து நின்றாள்.
நேற்று விநாடிக்கு ஆயிரத்து இருநூறு.
இன்று ஐந்நூறு.
"போதுமா?" என்றேன்.
அவள் வாய் திறப்பதற்குள்
சில நூறு வந்து சேர்ந்து
பெரிலியமாகிப் போயிருந்தன.
"போதவைக்கிறேன்" என்றாள்.

பணிக்குறிப்பேட்டில் எழுதினேன்:
நான்கு ஐம்பத்திரண்டு, கற்றை திரும்பியது.
கீழே என் பெயர், முழுதாக.

காலை ஏழுக்கு வெளியே வந்தபோது
மஞ்சள் மழைக்கோட்டுக்காரர்கள் இருவர்
அந்தத் தேவதாருவை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
மரத்தூள் வாசனை பஸ் நிறுத்தம்வரை வந்தது.
பஸ் போய்விட்டிருந்தது.