ஆர்-9 பற்றிய குறிப்பு

தாளின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி.
பொருள்: உவர் ஏறினால் மோட்டரை நிறுத்தும் சுற்று.
இடம்: நீர்வேலி, தவமலரின் வாழைத்தோட்டம்.
வரைந்தது: நான்.
சரிபார்த்தது:
அந்தக் கட்டம் வெறுமை.

கொக்குவிலில் மாடி அறை.
கறண்ட் போய் வந்து மூன்றாம் தரம் கணினி எழும்புகிறது.
இரண்டு கோடுகள் குறுக்கே போகின்றன.
புள்ளி வைத்தால் தொட்டுக்கொள்ளும்,
வைக்காவிட்டால் சந்தையில் எதிர்ப்பட்ட
அறியாத ஆட்களாய்க் கடந்து போகும்.
க-வின் தலையில் வைக்கிற அதே புள்ளிதான்.
அங்கே உயிரை எடுக்கும்.
இங்கே கொடுக்கும்.

பதிப்பு அ-வில் நேர்மின்னோட்டம் விட்டிருந்தேன்.
ஒன்பதாம் நாள் கிணற்றுக்குள் ஒரு கம்பி
தேய்ந்த சவர்க்காரத் துண்டாய்க் கிடந்தது.
அதை அழிக்கவில்லை. திகதி போட்டு எழுதியிருக்கிறேன்:
இப்படிச் செய்ய வேண்டாம். நான் செய்தேன்.

பதிப்பு ஆ-வை மோட்டர்க் கொட்டிலில் விரித்தபோது
தவமலர் கேட்டா:
"உதிலை என்ரை கிணறு எங்கை?"
இடது ஓரத்தில் இரண்டு குறுங்கோடுகள்,
நடுவே ஒரு இடைவெளி. அதைத் தொட்டுக் காட்டினேன்.
"இவ்வளவுதானோ!"
இருபத்தெட்டு அடி, சுண்ணாம்புக்கல்,
உவரின் மேல் மிதக்கிற நல்ல தண்ணி,
எல்லாம் எனக்கு அந்த இடைவெளியின் தடை மட்டும்தான்.
சொல்ல வெட்கமாக இருந்தது.
அவவின் விரல் இறங்கி
கீழே போகப் போகக் குறுகும் மூன்று கோடுகளில் நின்றது.
"இது?"
"நிலம்."
"சரியாத்தான் கீறியிருக்கிறீர்.
பிரிச்சுப் பிரிச்சு எங்கடை காணியும் உப்பிடித்தான் போகுது."

பலகையில் ஈயம் வைக்கிறவள் குருநகர்ப் பெனடிற்றா.
என் தாளில் ஆர்-9 பத்துக் கிலோ ஓம்.
அவள் வைத்தது நாற்பத்தேழு.
மீற்றர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சத்தம் போட்டேன். அவள் ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தாள்.
"உங்கடை பத்து, தை மாசத் தண்ணியிலை அளந்தது.
ஆவணியிலை அந்தக் கணக்குக்கு மோட்டர் எழும்பாது.
வாழை செத்துப்போம்."
"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"
"பலகையிலை இருக்குத்தானே."

இருந்ததுதான்.
மஞ்சள், ஊதா, செம்மஞ்சள்.
வாசிக்கத் தெரிந்தவனுக்கு மூன்று வளையம்.
ஆனால் இன்னொரு ஆவணியில், நாங்கள் இல்லாத நேரம்,
யாரோ ஒருத்தன் இந்தத் தாளை நம்பி
நாற்பத்தேழைப் பிழை என்று கழற்றுவான்.
நல்ல நோக்கத்தோடு கழற்றுவான்.

ஆகவே பதிப்பு இ.
ஆர்-9: நாற்பத்தேழு. மாற்றவேண்டாம்.
காரணம், மாதம், கிணற்றின் ஆழம்,
எல்லாம் ஓரத்தில் நாலு வரி.
பிறகு அந்த வெறும் கட்டத்தில் அவள் பெயரை அடித்து
தாளை எடுத்துக் கொடுத்தேன்.

முழுவதும் வாசித்தாள். அவசரமில்லாமல்,
ஒவ்வொரு சந்தியாக விரல் வைத்து.
சந்தோசப்படுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் பேனையைக் கேட்டாள்.

பெனடிறறா என்று அடித்திருக்கிறேன்.
முதல் ற-வின் தலையில்
அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள்.

"அப்ப இது பதிப்பு ஈ" என்றாள்.