ஐந்தடிக்கு ஐந்தடி

"வீடு முதல்ல என்ன பேசணும் மேடம்?"
வரைபடம் போடும் பையன் கேட்டான்.
கேட்டுக்கு இடப்பக்கம் ஐந்தடிக்கு ஐந்தடி காலி.
அதில் ஒரே செடி,
தெருவில் போகிறவரை நிறுத்துகிற மாதிரி.

அரியூர் நர்சரியில்
விசிறிவாழை கையை விரித்தது.
நரிவால் பனை பதினெட்டாயிரம்,
கடியத்திலிருந்து லாரியில் படுத்தபடியே வந்ததாம்.
தொட்டியில் ஓர் ஒலிவ மரம்.
"சித்திரையில நூத்தி எட்டு டிகிரி" என்றேன்.
முனிரத்தினம் ஒன்றும் சொல்லாமல்
அதை நிழலுக்கு நகர்த்தினார்.

எங்கள் போர் எழுநூறு அடி,
தண்ணீர் ஒன்றரை இஞ்ச்.
சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பின்னால்
பாறையைத் தூக்கிக்கொண்டு ஒரு மலை.
அது பேசுவதே போதும்.

மூலையில்
இலையில்லாத ஈழத்தலரி,
முழங்கை முழங்கையாக.
"நாலு மாசம் இப்படித்தான் மொட்டையா நிக்கும்,
பட்டுப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க."
ஒடிந்த நுனியில் பால். விரலில் பிசுபிசுப்பு.
"எவ்வளவு?"

பையனின் படத்தில்
பச்சை வட்டம் அப்படியே இருக்கிறது.
கல்லறைச் செடி என்று மாமியார்
மூன்று நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

நான்காம் நாள்
கையெழுத்து வாங்க வந்த கூரியர்காரர்
தாழ்ந்த கிளையில்
ஹெல்மெட்டை மாட்டிவிட்டு
பேனா தேடினார்.