தகட்டுக்குப் பின்னால்

பிள்சென் நகரில்
மால்ட் அவியும் வாசனை ஜன்னலை மூடினாலும் வந்துவிடும்
ஆய்வகத்தில் எனக்கொரு எஃகு அறை இருந்தது.
கல்யாணப் பந்தி அண்டா அளவு. காற்றுப் புகாதது.
பாதிப் பொய் அது.
திங்கள்தோறும் ஹீலியம் குழாயோடு
மூட்டு மூட்டாய்க் குனிந்து
எங்கே கசிகிறாய் என்று கேட்டிருக்கிறேன்.

வெற்றிடம் இறங்க ஆறு மணி நேரம்.
பிறகு ஆர்கான், கொஞ்சம் நைட்ரஜன்,
ஊதா வெளிச்சம்.
டைட்டானியம் அணு அணுவாய்க் கிளம்பிப்போய்
துளைப்பான் முனைகளில் மஞ்சளாய் அமரும்.
தலைமுடியை முப்பதாய்ப் பிளந்தால் ஒரு பங்கு,
அவ்வளவுதான் கனம்.
தங்கமா என்பாள், தரை துடைக்க வரும் யர்மிலா.
தங்கமென்றால் எனக்கு இந்தச் சம்பளமா என்பேன்.

தொண்ணூற்றேழு நவம்பரில் உரியத் தொடங்கியது.
கதவைத் திறந்ததும்
பொரிகிற மாதிரி ஒரு சத்தம்,
தட்டு நிறைய மஞ்சள் செதில்கள்.
விளாஸ்திமில் அழுத்தத்தைக் குறைத்தார்.
நான் சூட்டை ஏற்றினேன்.
ஆலைக்கு எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் பதினொன்று.
பிப்ரவரியில், நுண்ணோக்கியின் கீழே,
உரிந்த இடத்தில் வளைவு வளைவாய்க் கோடுகள்.
ஒரு கட்டைவிரல்.
என்னுடையது.
குளிருக்கு வெடித்த கைக்குப் பூசிய களிம்பு,
கையுறையில் ஊசிமுனை ஓட்டை.
விளாஸ்திமில் சிரிக்கவில்லை.
புதுக் கையுறைப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போன வாரம் அறையைக் கழற்ற வந்தார்கள்.
மூடுதகட்டுக்குப் பின்னால் ஒரு தாங்கி,
யாரும் மணல் வீசித் துலக்காதது.
இருபத்திரண்டு வருடப் படிவு, நகக் கனத்துக்கு.
உடைத்து, பிசினில் புதைத்து, மெருகேற்றி
எலக்ட்ரான் கற்றையில் வைத்தேன்.
சாம்பல் பட்டைகள், நூற்றுக்கணக்கில்.
இந்தக் கறுப்பு, பம்பின் எண்ணெய் பின்வாங்கிய இரவு.
இந்த அகலம், அந்தக் குளிர்காலம்;
விரிசல் விட்டிருக்கிறது, விடவில்லை.
துளைப்பான்களில் நிற்க மறுத்ததெல்லாம்
இங்கே, யாரும் கேட்காத இடத்தில்,
பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த படலம் எது
என்று கேட்டான் ராதோவான்.
அடுத்த வாரம் என் மேசை அவனுக்கு.
இரண்டாயிரத்து ஆறு, மே,
ஒரே ஒருமுறை, நாற்பது நிமிடம்.
பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன்.
இதுவாக இருக்கலாம் என்று ஒரு கோட்டைக் காட்டினேன்.
அதற்கு அடுத்ததாகவும் இருக்கலாம்.